இலங்கை மலைநாட்டில் வாடகை வீடு: வீட்டுக்காரர் உங்களை எப்படி எடைபோடுகிறார்

ஹட்டனில் எங்கள் வீடு ரோட்டிலிருந்து கீழே இரண்டு தட்டாக இறங்குகிறது. மேல் தட்டில் நாங்கள். கீழ் வீட்டை வாடகைக்கு விடுகிறோம். போன ஆடி மழையில் ஒரே நாளில் இரண்டு பேர் வீடு பார்க்க வந்தார்கள். இரண்டு பேருமே அரசாங்க உத்தியோகம், சம்பளமும் ஏறக்குறைய ஒன்றுதான். ஒருவர் சொட்டச் சொட்ட நனைந்த குடையோடு முன்னறைக்கே வந்து அதைச் சுவர் மூலையில் சாத்தினார். தண்ணீர் பலகைத் தரையில் ஓடியது. மற்றவர் குடையை வாசலிலேயே வைத்துவிட்டு, சப்பாத்தைக் கழற்றிக்கொண்டு உள்ளே வந்தார். அம்மா யாரிடமும் சம்பளச் சீட்டுக் கேட்கவில்லை. ராத்திரி சாப்பிடும்போது, "குடைய வெளிய வச்ச புள்ளைக்கே குடுத்துரலாம்" என்றார். அவ்வளவுதான் எங்கள் வீட்டுத் தேர்வு முறை.

அதற்குப் பல வருடம் முன்னால் நானும் இப்படித்தான் பொகவந்தலாவையிலிருந்து வேலை கிடைத்து வந்து, ஹட்டன், டிக்கோயா, கொட்டகலை என்று ஏழு வீட்டு வாசலில் நின்றவன். ஆறு பேர் இல்லை என்றார்கள், ஒருவரைத் தவிர யாரும் உண்மையான காரணத்தைச் சொல்லவில்லை. இன்றைக்கு வீடு விடுகிறவன் என்ற முறையில் அந்த ஆறு பேரில் நாலு பேரின் காரணம் எனக்குப் புரிகிறது. மற்ற இருவரின் காரணம் அன்றைக்கே புரிந்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

புதிதாக நியமனம் கிடைத்து வருகிற ஆசிரியர்கள், தாதியர், பேங்க் பிள்ளைகள், பதுளை ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகத்துக்கோ பத்தனை ஸ்ரீபாத கல்வியியல் கல்லூரிக்கோ வருகிறவர்கள், தேயிலைத் தோட்டத்திலிருந்து டவுனுக்கு இறங்கும் குடும்பங்கள் எல்லாருக்குமாக இதை எழுதுகிறேன்.

முதலில் புரிந்துகொள்ள வேண்டியது

வெளிநாடுகளில் வாடகை வீட்டுக்கு விண்ணப்பப் படிவம் நிரப்ப வேண்டும், கடன் வரலாற்றைப் பார்ப்பார்கள் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். இங்கே அது கிடையாது. கிரிப் அறிக்கை என்கிற கடன் வரலாற்று அறிக்கை வங்கிகளும் நிதி நிறுவனங்களும் பார்க்கிற விஷயம். கீழ் வீட்டை வாடகைக்கு விடுகிற ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரால் உங்கள் கடன் விபரத்தை எடுத்துப் பார்க்க முடியாது. அவர் பார்ப்பது வேறு.

இவருக்குக் காசு கட்ட முடியுமா என்பதுதான் வீட்டுக்காரரின் பெரிய கவலை என்று எல்லாரும் நினைக்கிறார்கள். அது இரண்டாவது கவலை. முதலாவது, "கேட்கும்போது எழும்பிப் போவாரா?" என்பதுதான்.

இந்தப் பயத்துக்கு ஒரு சரித்திரம் இருக்கிறது. 1972இன் 7ஆம் இலக்க வாடகைச் சட்டம் குடியிருப்பவருக்குப் பெரிய பாதுகாப்புக் கொடுத்தது. வீட்டைத் திருப்பி எடுக்க வழக்குப் போட்டவர்கள் வருடக்கணக்கில் கோட்டுக்கு அலைந்தார்கள். அடுத்த வருடமே, 1973இல், வீட்டுச் சொத்து உச்சவரம்புச் சட்டம் வந்தது. அளவுக்கு மேல் வீடு வைத்திருந்தவர்களின் வீடுகளைக் குடியிருந்தவர்களே வாங்க அது வழி திறந்தது. பிறகு வந்த திருத்தங்கள் வாடகைச் சட்டத்தின் பிடியை நிறையவே தளர்த்திவிட்டன. ஆனால் சட்டம் தளர்ந்த அளவுக்குப் பயம் தளரவில்லை. "பத்து வருசம் இருந்தா வீடு அவங்களுக்குத்தான்" என்று இன்றைக்கும் சொல்லாத வீட்டுக்காரர் இல்லை. 1871ஆம் ஆண்டின் ஆட்சியுரிமைச் சட்டத்தில் பத்து வருடக் கணக்கு இருப்பது உண்மை. ஆனால் வாடகை கட்டிக்கொண்டிருப்பவர் உரிமையாளரை ஏற்றுக்கொண்டுதான் இருக்கிறார், அவருக்கு அந்தக் கணக்கு ஓடாது. இதை வீட்டுக்காரரிடம் விளக்கப் போகாதீர்கள். முதல் சந்திப்பிலேயே சட்டம் பேசுகிறவருக்கு யாரும் வீடு கொடுப்பதில்லை.

இது புரிந்தால் மற்றதெல்லாம் தானாகப் புரியும். பேங்க்காரர்களுக்கு ஏன் உடனே வீடு கிடைக்கிறது? சம்பளம் மட்டும் காரணமில்லை. இரண்டு மூன்று வருடத்தில் இடமாற்றம் வரும், தானாகவே போய்விடுவார். வீட்டுக்காரருக்குப் பிடித்த வாடகைக்காரர், எப்போது போவார் என்று தெரிந்த வாடகைக்காரர்தான்.

படி 1: போன் எடுக்கும் முன்

வீடு கிடைக்கும் வழிகள் மூன்று. 'வீடு வாடகைக்கு', 'கெயக் குலியட' என்று கேற்றில் தொங்கும் போர்ட், இக்மன் மாதிரித் தளங்களும் பேஸ்புக்கும், அப்புறம் ஆள் மூலம். மூன்றாவதுதான் இங்கே நன்றாக வேலை செய்யும். நல்ல வீடுகள் போர்ட் தொங்கும் அளவுக்கு வருவதே இல்லை. நீங்கள் சேரப்போகிற பாடசாலையிலோ வைத்தியசாலையிலோ ஏற்கனவே வேலை செய்கிற ஒருவரிடம் சொல்லிவையுங்கள். அவர் பெயரைச் சொல்லிப் போகும்போது உங்களைப் பற்றிய பாதி விசாரணை முடிந்துவிடும். புரோக்கர் மூலம் போனால் அவருக்கு எவ்வளவு, அதை யார் கொடுப்பது என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

வீட்டைப் பார்க்காமல், "நிறையப் பேர் கேட்கிறாங்க, பத்தாயிரம் போட்டு வையுங்க" என்றால் போடாதீர்கள். அது எவ்வளவு அழகான போட்டோவாக இருந்தாலும் சரி.

படி 2: போனில் வரும் நாலு கேள்வி

எங்கே வேலை? எத்தனை பேர்? சொந்த ஊர் எது? எவ்வளவு காலத்துக்கு? சிங்கள வீட்டுக்காரராக இருந்தால் முதலில் வருவது "பவுலே கீதெனெக்த?", குடும்பத்தில் எத்தனை பேர் என்பது.

எத்தனை பேர் என்ற கேள்வியை வம்பு என்று நினைக்காதீர்கள். மலையில் கட்டிய வீட்டுக்கு இரண்டு விஷயத்தில் அளவு உண்டு: தண்ணீர்த் தாங்கி, மலசலகூடக் குழி. பல வீடுகளுக்குத் தண்ணீர் மேலே ஊற்றிலிருந்து பைப்பில் வருகிறது. தை, மாசியில் அது நூலாக இறங்கும். மூன்று பேர் என்று சொல்லி ஏழு பேர் குடியேறினால் மேல் வீட்டுக்கும் தண்ணீர் இல்லை. குழியோ சரிவில் இருக்கிறது, நிறைந்தால் அதை உறிஞ்சி எடுக்கிற பவுசர் கிட்டவே வர முடியாது. அதனால் சரியான எண்ணிக்கையைச் சொல்லுங்கள். தோட்டத்திலிருந்து அம்மா, அப்பா கிளினிக்குக்கு வரும்போது இரண்டு நாள் தங்குவார்கள் என்றால் அதையும் இப்போதே சொல்லுங்கள். நம் ஆட்களின் வீட்டுக்கு உறவுக்காரர் வராமல் இருக்கப்போவதில்லை. மறைத்துவிட்டு மூன்றாம் மாதம் பிடிபடுவதை விட இது நல்லது.

எவ்வளவு காலம் என்ற கேள்விக்கு "பார்ப்போம்" என்று சொல்லாதீர்கள். "இரண்டு வருசம், அதுக்குப் பிறகு இடமாற்றம் கேட்பேன்" என்பது மாதிரி ஒரு முடிவு தெரிகிற பதில்தான் அவர் காதுக்கு இனிமை.

நுவரெலியாவில் இதற்கு இன்னொரு பக்கம் உண்டு. சித்திரை சீசனில், ஏப்ரல் மாதம் முழுக்க, நாள் வாடகைக்கு விட்டால் மாத வாடகையைச் சில நாளிலேயே எடுத்துவிடலாம். அதனால் சிலர் மே மாதத்திலிருந்து மார்ச் கடைசி வரைக்கும் மட்டும் கொடுப்பார்கள். மஸ்கெலியா, நல்லதண்ணிப் பக்கம் சிவனொளிபாத மலைப் பருவம் மார்கழிப் போயாவில் தொடங்கி வெசாக் வரை போகும், அங்கேயும் ரோட்டோர அறைகளுக்கு அதே கணக்கு. சீசனில் எழும்பச் சொல்வீர்களா என்று போனிலேயே கேட்டுவிடுங்கள்.

படி 3: வீடு பார்க்கப் போகும் நாள்

நீங்கள் வீட்டைப் பார்க்கிறீர்கள், அவர் உங்களைப் பார்க்கிறார். குடைக் கதையை ஏற்கனவே சொல்லிவிட்டேன். முடிந்தால் கணவன் மனைவி இருவரும் போங்கள். குடும்பம் என்று சொல்லித் தனியாகப் போனால், "அவங்க எப்ப வருவாங்க?" என்ற கேள்வி பதில் கிடைக்கும்வரை நிற்கும். சிங்களம் வராவிட்டால் பரவாயில்லை, தெரிந்த அளவுக்குப் பேசுங்கள். தடுமாறிப் பேசுகிறவர்களைச் சிரித்துக்கொண்டே ஏற்றுக்கொள்கிற வீட்டுக்காரர்கள்தான் நான் பார்த்தவர்களில் அதிகம்.

கேள்வி கேளுங்கள். பேசாமல் தலையாட்டுகிறவரை விட, கேள்வி கேட்கிறவர் வீட்டைப் பார்த்துக்கொள்வார் என்ற நம்பிக்கை எங்களுக்கு வரும். எதைக் கேட்கிறீர்கள் என்பதும் முக்கியம். "வைஃபை இருக்கா?" என்று தொடங்குகிறவரையும், "பின் மதிலுக்குப் பக்கத்தில் கான் எங்க போகுது?" என்று கேட்கிறவரையும் ஒரே தட்டில் வைக்க முடியாது. மலைச்சரிவில் வீட்டுக்குப் பின்னால் மழைத்தண்ணீர் ஓடும் கான் அடைபட்டால் முதலில் சுவர் நனையும், அப்புறம் மண் இறங்கும். அந்தக் கானை மழைக்கு முன் வாருகிற ஆள்தான் கீழ் வீட்டுக்கு வேண்டும்.

இது உங்கள் உயிர் சம்பந்தப்பட்ட விஷயமும்கூட. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்களை, தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளை, மண் மூடியதை மலையகத்தில் யாரும் மறக்கவில்லை. மதிலில் புது வெடிப்பு, சாய்ந்த மரம், தரையில் பிளவு, திடீரென்று கலங்கி வரும் ஊற்று இதில் எதைப் பார்த்தாலும் கேளுங்கள். மண்சரிவு அபாயப் பகுதிகளைத் தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் அடையாளப்படுத்தி வைத்திருக்கிறது. அந்த இடத்துக்கு அறிவித்தல் ஏதும் வந்ததா என்று கிராம உத்தியோகத்தரிடம் விசாரிக்கலாம். வீட்டுக்காரர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

சுவரில் கை வைத்துப் பாருங்கள். ரோட்டுக்குக் கீழான வீடுகளில் மண்ணை ஒட்டிய அறை எப்போதும் ஈரம்தான். அலுமாரியை அந்தச் சுவரோடு ஒட்டி வைத்தால் ஆறு மாதத்தில் சேலை பூஞ்சணம் பிடிக்கும்.

படி 4: முதுகுக்குப் பின்னால் நடக்கும் விசாரணை

நீங்கள் போன பிறகு இரண்டு நாள் அழைப்பு வராது. அந்த இரண்டு நாளில் உங்கள் வேலையிடத்தில் வீட்டுக்காரருக்குத் தெரிந்த ஒருவரிடம் பேச்சுப் போயிருக்கும். முன்பு இருந்த வீட்டுக்காரரின் நம்பர் கொடுத்திருந்தால் அவருக்கும் ஒரு அழைப்பு. அவரிடம் கேட்பது இரண்டே கேள்வி: வாடகை நேரத்துக்கு வந்ததா, போகும்போது சண்டை இல்லாமல் போனாரா. அதனால் பழைய வீட்டை விட்டுப் போகும்போது கரண்ட் பில்லைக் கட்டி, அறையைக் கூட்டி, சாவியைக் கையில் கொடுத்துவிட்டுப் போங்கள்.

முதல் தடவை வாடகைக்கு வருகிறவருக்குப் பழைய வீட்டுக்காரர் இருக்க மாட்டார். அப்போது அதிபரோ கிளை முகாமையாளரோ கோயில் நிர்வாகத்தில் இருப்பவரோ பேசினால் போதும். எனக்கு ஏழாவது வீடு கிடைத்தது அப்படித்தான். எங்கள் பாடசாலையின் பழைய அதிபர் ஒரு போன் எடுத்தார். "நல்ல புள்ளை, ஆனா ரேடியோ சத்தமா வைப்பான்" என்றாராம். குறையும் சேர்த்துச் சொன்னதால்தான் நம்பினேன் என்று அந்த வீட்டம்மா பிறகு சொன்னார்.

இப்போது அந்த இரண்டு வீட்டைப் பற்றி. ஒரு வீட்டில் எல்லாம் பேசி முடிந்து தேத்தண்ணியும் வந்த பிறகு, "எந்தத் தோட்டம்?" என்று கேட்டார்கள். சொன்னேன். அடுத்த கேள்வி தோட்டத்தில் எந்த லயம், யார் வீட்டுப் பிள்ளை என்று இறங்கியது. சாதியைத்தான் தேடுகிறார்கள் என்று புரிந்தது. மறுநாள், வீட்டைத் தங்கள் உறவுக்காரர் ஒருவருக்குக் கொடுப்பதாகச் செய்தி வந்தது. ஒரு மாதம் கழித்தும் போர்ட் தொங்கிக்கொண்டிருந்தது. இரண்டாவது வீட்டில் தமிழ் ஆட்களுக்குக் கொடுப்பதில்லை என்று நேராகவே சொன்னார்கள். அரசியலமைப்பின் 12ஆம் உறுப்புரை கடை, உணவகம், ஹோட்டல், பொழுதுபோக்கு இடம், வழிபாட்டுத் தலம் என்று பட்டியல் போட்டு அங்கெல்லாம் பாகுபாடு கூடாது என்கிறது. வாடகை வீடு அந்தப் பட்டியலில் இல்லை. இப்படி நடந்தால் வாதாடி நேரத்தைக் கழிக்காமல் அடுத்த வீட்டுக்குப் போங்கள் என்பதுதான் என் யோசனை. அப்படிப்பட்ட வீட்டில் குடியிருப்பது பிறகு இன்னும் கஷ்டம். இன்றைக்கு நான் வீடு விடும்போது "எந்தத் தோட்டம்?" என்று கேட்பதில்லை. பழக்கத்தில் வாய்வரை வரும், விழுங்கிவிடுவேன்.

சாப்பாட்டு விஷயம் வேறு. வீட்டில் மாட்டிறைச்சி சமைக்கக் கூடாது, விறகடுப்பு மூட்டக் கூடாது, மதுபானம் கூடாது என்று நிபந்தனை வைப்பவர்கள் உண்டு. ஒத்துவராவிட்டால் அப்போதே சொல்லிவிட்டு வந்துவிடுவது இரு பக்கத்துக்கும் நல்லது.

தனி ஆண்களுக்கு முழு வீடு கிடைப்பது கஷ்டம். போர்டிங் அறை அல்லது அனெக்ஸ் (வீட்டோடு ஒட்டிய தனிப் பகுதி) தேடுங்கள். தனியாக வரும் பெண்களுக்கு அனெக்ஸ் எளிதாகக் கிடைக்கும், ஆனால் அதோடு ஒரு இலவச மாமியாரும் கிடைப்பார்: எத்தனை மணிக்கு வந்தாய், வந்தது யார் என்று. கேற் எத்தனை மணிக்குப் பூட்டுவார்கள் என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். இரவு வேலையுள்ள தாதியர் டியூட்டி நேர அட்டவணையைக் காட்டிவிடுவது உத்தமம்.

படி 5: கையில் இருக்க வேண்டிய கடதாசிகள்

தேசிய அடையாள அட்டையின் பிரதி, நியமனக் கடிதம் அல்லது இடமாற்றக் கடிதம், கடைசிச் சம்பளச் சீட்டு. தொழில் செய்கிறவர் என்றால் வியாபாரப் பதிவுச் சான்றிதழ். சிலர் சொந்த ஊர் கிராம உத்தியோகத்தரின் வதிவிட, நற்சான்றிதழும் கேட்பார்கள். லயத்தில் பல குடும்பத்துக்கும் தோட்டத்தின் பெயரே விலாசமாக இருப்பதால், டவுன் வீட்டுக்காரர் குழம்பாமல் இருக்க அந்தச் சான்றிதழ் கையில் இருப்பது நல்லது. புதிதாகக் குடிவருகிறவர்களின் விபரத்தை வீட்டுக்காரர் பொலிசுக்குக் கொடுப்பதும் உண்டு. அதற்கு அடையாள அட்டைப் பிரதி கேட்டால் சந்தேகப்படுகிறார் என்று கோபிக்காதீர்கள்.

நீங்களும் ஒன்று கேட்க வேண்டும்: வீடு அவருடையதுதானா? கரண்ட் பில்லில் உள்ள பெயரையும் நகர சபை வரிப் பற்றுச்சீட்டையும் பார்த்தால் போதும். தோட்டத்து லயக் காம்பராவையோ குவாட்டஸையோ யாராவது வாடகைக்குத் தருகிறேன் என்றால், அது அவர் சொத்தில்லை என்பதை நினைவில் வையுங்கள். நிர்வாகம் எழும்பச் சொன்னால் கொடுத்த காசுக்கு யாரும் பொறுப்பில்லை.

படி 6: அட்வான்ஸ்

இங்கேதான் புதியவர்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். ஏமாற்றுகிறவர் குறைவு, தெளிவாகப் பேசிக்கொள்ளாததுதான் அதிகம். அட்வான்ஸ் இரண்டு வகை. ஒன்று மாதா மாதம் வாடகையில் கழிவது. மற்றது அப்படியே கிடந்து, போகும்போது திரும்பி வருவது. வாடகை 25,000 ரூபாய், ஆறு மாத அட்வான்ஸ் 150,000 என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் வகையில் ஆறு மாதம் கையிலிருந்து எதுவும் கொடுக்க வேண்டியதில்லை, அல்லது மாதம் பாதி கழித்து ஒரு வருடத்துக்கு 12,500 கட்டுவீர்கள். இரண்டாவது வகையில் முதல் மாதத்திலிருந்தே முழு 25,000 கட்ட வேண்டும். "ஆறு மாச அட்வான்ஸ்" என்ற ஒரே சொல்லுக்குள் இரண்டும் இருக்கிறது. எது என்று கேட்டு எழுத்தில் வாங்குங்கள். திருப்பித் தரும் நாளையும் எழுதுங்கள். அடுத்த ஆள் வந்த பிறகு தருகிறேன் என்பது பலருடைய வழக்கம், அந்த ஆள் மூன்று மாதம் கழித்தும் வரலாம்.

முழுத் தொகையும் கையில் இல்லாவிட்டால் பேசிப் பாருங்கள். வேலையும் ஆளும் பிடித்துவிட்டால் ஆறை மூன்றாகக் குறைப்பார்கள். நாங்களே குறைத்திருக்கிறோம். காசை வங்கிக் கணக்கில் போடுங்கள், இல்லாவிட்டால் பற்றுச்சீட்டு வாங்குங்கள்.

படி 7: ஒப்பந்தம்

கடையில் விற்கும் படிவத்தை நிரப்பி, முத்திரை ஒட்டிக் கையெழுத்துப் போட்டால் முடிந்தது என்று நினைப்பவர்கள் அதிகம். 1840ஆம் ஆண்டின் மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டப்படி, ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை நொத்தாரிசும் இரண்டு சாட்சிகளும் முன்னிலையில் கையெழுத்திடப்பட வேண்டும். இல்லாவிட்டால் இரண்டு வருடம் என்று எழுதியிருந்தாலும் அந்த இரண்டு வருடத்தைச் சட்டப்படி பிடித்து நிற்க முடியாது. 2023இன் 1ஆம் இலக்கச் சட்டம் வந்த பிறகு வீட்டுக்காரர்களும் நொத்தாரிசு ஒப்பந்தத்தை விரும்புகிறார்கள். குத்தகைக் காலம் முடிந்தும் எழும்பாதவரிடமிருந்து வீட்டை மாவட்ட நீதிமன்றம் மூலம் சீக்கிரம் மீட்க அந்தச் சட்டம் வழி செய்கிறது. ஆகவே "நொத்தாரிசு முன்னால் எழுதலாம், செலவில் பாதி நான் தருகிறேன்" என்று நீங்களே சொன்னால், வீட்டுக்காரரின் அந்த முதல் கவலை அந்த இடத்திலேயே முக்கால்வாசி கரைந்துவிடும். உங்களுக்கும் காலம் உறுதி.

ஒப்பந்தத்தில் வாடகை எப்போது, எவ்வளவு கூடும், எழும்ப எத்தனை மாத முன்னறிவித்தல், மின்மானி தனியா பொதுவா என்பன இருக்க வேண்டும். பொது மானி என்றால் கவனம். பாவனை கூடக் கூட அலகு விலையும் ஏறுவதால், இரண்டு வீட்டுப் பாவனையும் ஒரே பில்லில் சேர்ந்தால் இருவருக்கும் நட்டம். சுடுதண்ணீர் கீசர் இருந்தால் இன்னும் மோசம். யாருடைய பாவனை எவ்வளவு என்றாவது தெரிய, துணை மானி ஒன்று போட்டுத் தரச் சொல்லுங்கள்.

முதலாம் தரத்துக்குப் பிள்ளையைச் சேர்க்கப் போகிறவர்கள், வாக்காளர் இடாப்பில் இந்த விலாசத்தைப் போட அனுமதிப்பாரா என்று கையெழுத்துக்கு முன் கேட்டுவிடுங்கள். பெயர் இடாப்பில் ஏறினால் வீட்டிலும் உரிமை வந்துவிடும் என்று பயப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். அப்படி எந்த உரிமையும் வராது. ஆனாலும் பாடசாலை விண்ணப்ப நேரத்தில் போய்க் கேட்டு அவர் முடியாது என்றால் அந்த வருடம் போய்விடும்.

சாவி வாங்கும் நாளில் வீட்டுக்காரரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு மின்மானியின் எண்ணை, உடைந்த கண்ணாடியை, ஈரச் சுவரை, பைப்புகளை எல்லாம் போனில் படம் எடுத்து, அங்கேயே நின்று அவருக்கு வட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். குடையை வெளியே வைத்த அந்தத் தம்பி அப்படித்தான் செய்தார். பதினேழு படம். அம்மாவுக்கு வட்ஸ்அப் பார்க்கத் தெரியாது. ஒவ்வொரு படத்தையும் என்னிடம் காட்டச் சொல்லிப் பார்த்துவிட்டு, குளியலறைப் பைப் ஒழுகுவது தனக்கே தெரியாது என்று அன்றைக்கே பைப் வேலை செய்கிற பாஸைக் கூப்பிட்டார்.